சீக்கிரமாக நின்றுவிட்ட சைக்கிள் பற்றி மாப்பிள்ளைக்கு

அஸ்மாரா,
திம்கெத் திருவிழா முடிந்த ஐந்தாம் நாள்.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை சிராக் அவர்களுக்கு, மாமனார் ஓக்பாஸ்கி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் தங்கள் மாமியார் ஹிவெத்தும் சௌக்கியம். ஸ்வீடனின் கோதன்பர்க் குளிரில் தாங்களும் எங்கள் மகள் ருஃப்தாவும் சுகமாக இருக்க தினமும் மரியம் மாதாவை வேண்டிக்கொள்கிறோம். தாங்கள் அன்போடு அனுப்பிய சைக்கிளும் சௌக்கியம். அதனால் மற்றவர்கள் சௌக்கியமா என்பதைத்தான் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நன்றி. கல்யாணத்தின்போது நான், "சைக்கிள் ஏறத் தெரியாத கால்பந்துக்காரனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டது தங்கள் காதுக்கு வந்திருக்கும். வரவில்லையென்றால் இப்போது வந்ததை மறந்துவிடவும். அப்படிக் கேட்ட மாமனாருக்கு, கடைகடையாக ஏறி விசாரித்து, "இறக்கத்துல மாமாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று டிஸ்க் பிரேக்கும் மின்சார கியரும் உள்ள பந்தய சைக்கிளை யார் அனுப்புவார்கள்? பெட்டியைப் பிரித்த அன்று ஹிவெத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திட்டுவதைவிட மோசம்.

ஆனால் மாப்பிள்ளை, நான் முப்பத்து நான்கு வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவன். எந்தக் கடிதம் எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த சைக்கிளில் எந்தப் பொத்தான் எங்கே போகும் என்று கண்ணைத் திறந்துகொண்டும் தெரியவில்லை. வலது பக்கம் தட்டினால் மிதி கனக்கிறது, இடது பக்கம் தட்டினால் லேசாகிறது, இரண்டையும் சேர்த்துத் தட்டினால் சங்கிலி முன்பக்கம் வேறு பல்சக்கரத்துக்குத் தாவுகிறது. மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையெடுக்கப் பயமாக இருக்கிறது. அதோடு, அந்தக் கியருக்குப் போனில் 'அப்டேட்' போடாவிட்டால் சரிப்படாது என்று ருஃப்தா சொல்லியிருந்தாளா, இன்டர்நெட் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாள் வாசலிலேயே மறித்து, "ஐயா, சைக்கிளை வெளிய நிறுத்திட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றாள். "எனக்கு வேண்டாம்மா, சைக்கிளுக்குத்தான் இன்டர்நெட் வேணும்" என்றேன். அவள் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, வீட்டில் யாருக்காவது போன் செய்யட்டுமா என்று கேட்டாள். இரண்டரை மணி நேரத்தில் நான்கு சதவீதம் ஏறியது. அப்புறம் கரண்ட் போய்விட்டது.

சைக்கிள் வந்த பிறகு முதல் சனிக்கிழமை காலை எங்கள் மூத்தோர் சைக்கிள் சங்கம் கூடும் காப்பிக்கடைக்கு அதை ஓட்டிக்கொண்டு போனேனே, அங்கேதான் என் நிம்மதி போனது. தங்களுக்கு ஃபெசஹாவைத் தெரியும், கல்யாணத்தில் எல்லாருக்கும் முன்னால் ஆடிய பெரிய வயிற்றுக்காரன். முப்பத்தேழு வருடமாக எனக்கு முன்னாலோ பின்னாலோதான் ஓட்டுகிறான், பக்கத்தில் ஓட்டியதில்லை, பேச்சு வளர்ந்து சண்டையாகிவிடும் என்று. நான் கியரை மாற்றியதும் சின்ன மோட்டார் 'ழ்ழீக்' என்றது. "டேய், பல் டாக்டர் வந்துட்டான்டா, வாயைத் தொறங்க எல்லாரும்!" என்றான். அப்புறம், "கியரை நீ மாத்தணும். அதுவே மாத்திக்கிட்டா நீ எதுக்கு? சைக்கிள் மட்டும் போயிட்டு வரட்டும், நீ இங்க உக்காந்து மக்கியாத்தோ காப்பி குடி" என்றான். எனக்கு அது சரியென்றே பட்டது. மெக்கானிக் தெவெல்தே பிரேக்கைக் குனிந்து பார்த்தார். "உள்ள எண்ணெய் ஓடுதா? பிரேக்குல எண்ணெய் பட்டா வழுக்கும்னு நாப்பது வருஷமா இந்த ஊருக்கே சொல்லிட்டு வர்றேன். இப்ப எண்ணெயிலதான் நிக்கும்னு சொன்னா என் வாய்க்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். அதுவும் சரிதானே? அப்போது வாத்தியார் ஸெராய், "காலத்தோட போகணும், என் விரல் மூட்டுவலிக்கு இந்தப் பொத்தான் எவ்வளவு சுகம் தெரியுமா?" என்றார். அதுவும் சரி. நான் எல்லோருக்கும் தலையாட்டினேன். கடைசியில், "நீ எந்தப் பக்கம்டா?" என்று ஃபெசஹா மேஜையைத் தட்டினான். கடைசியாக யார் பேசினார்களோ அந்தப் பக்கம் என்று எப்படிச் சொல்வது? மக்கியாத்தோ ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை, அதாவது திம்கெத்துக்கு இரண்டு நாள் முன்னால், நெஃபாசித் பக்கம் மலையிறங்கினோம். அடுத்த மாதம் மூத்தோர் பந்தயம், அதற்கான பயிற்சி. மூடுபனி. பத்தடி தூரத்தில் இருப்பவன் குரல்தான் கேட்கும், ஆள் தெரியாது. மற்றவர்கள் வழியில் அர்பரோபு ஊரிலேயே டீ குடிக்க நின்றுவிட்டார்கள், நானும் ஃபெசஹாவும் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்குவோம் என்று போனோம். ஈரத்தில் அந்த டிஸ்க் இரண்டும் ஒரு ஊளை ஊளையிட்டதே, செத்த வீட்டில்கூட அப்படி யாரும் அழமாட்டார்கள். பின்னாலிருந்து ஃபெசஹா, "அதுக்கு சோறு போட்டியாடா இல்லையா?" என்று கத்திக்கொண்டே வந்தான். நான்காவது வளைவைத் திரும்புகிறேன், நடு ரோட்டில் ஒரு பெண் குரங்கு, முதுகில் குட்டியோடு, சொந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு விரலால் பிரேக்கைத் தொட்டேன். தொட்டேன், அவ்வளவுதான். அந்த சைக்கிள் ஆணி அடித்த மாதிரி நின்றது. குரங்குக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம். அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். மாப்பிள்ளை, பழைய பிரேக்காக இருந்திருந்தால் ஒன்று அந்தத் தாயும் பிள்ளையும் போயிருக்கும், இல்லை நான் பள்ளத்துக்குப் போயிருப்பேன். அந்த ஒரு நொடி தங்களை மனதார வாழ்த்தினேன். அடுத்த நொடி ஃபெசஹா வந்து சேர்ந்தான்.

என் தோளை உரசிக்கொண்டு, குரங்கைத் தாண்டி, "ஓக்பாஆஆ" என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டே போய் ரோட்டோரம் இருந்த பெலெஸ் கள்ளிப் புதருக்குள் உட்கார்ந்தான். விழவில்லை, உட்கார்ந்தான். அதுதான் வினை. குரங்கு எழுந்து, இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகப் போயிற்று.

அவனை வெளியே இழுத்து நிறுத்தினேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எங்கெங்கே முள் என்று மாப்பிள்ளைக்கு எழுதக் கூடாது. சீட்டில் உட்கார முடியவில்லை. மேலே போய்க் காரோ பஸ்ஸோ கூட்டிவருகிறேன் என்று நான் ஏறி மிதித்தேன், மிதி அசையவில்லை. இறக்கத்துக்காகப் போட்டிருந்த பெரிய கியர் அப்படியே இருக்கிறது. வலது தட்டினேன், இடது தட்டினேன், ஈ ஓட்டுவது போலவும் தட்டினேன். 'ழ்ழீக்' இல்லை. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லாததால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை, செத்துவிட்டது. மசாவாவிலிருந்து அஸ்மாராவுக்கு ஏறி வந்த பஸ் ஒன்று நின்றது. டிரைவர், "ஏறுங்க அப்பா, ஒரு சீட் இருக்கு" என்றார். "சீட்டைப் பத்திப் பேசாதே, தம்பி" என்றான் ஃபெசஹா. நின்றுகொண்டு வரலாமே என்றால், கூட்டத்தில் யாராவது பின்னால் இடித்தால் உயிர் போய்விடும் என்கிறான். சைக்கிள் ஏற்ற இடமும் இல்லையாம், பஸ் போய்விட்டது. அர்பரோபுவுக்கு ஏறி வந்தால், நாங்கள் நேரே நெஃபாசித்துக்குப் போயிருப்போம் என்று நினைத்து மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆக, உட்கார முடியாத ஒருவனும், மிதிக்க முடியாத ஒருவனும், ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அஸ்மாரா வரை நடந்தோம். பதினாறு கிலோமீட்டர், அத்தனையும் ஏற்றம்.

ஒரு மணி நேரம் நடந்த பிறகு அவன், "உனக்குத்தான் முள்ளு குத்தலியே, நீ ஏன்டா நடக்கிற?" என்றான். "பேட்டரி செத்துப்போச்சு" என்றேன். சிரிக்க ஆரம்பித்தான். சிரித்தால் முள் குத்துகிறது, குத்தினால் கத்துகிறான், கத்தினால் மறுபடி சிரிப்பு வருகிறது. ரோட்டில் நின்று இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்புறம் என்னைப் பார்க்காமல், சைக்கிளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்த ஊளைச் சத்தத்தை வெச்சுத்தான் நீ எங்க போறன்னு தெரிஞ்சு வந்துட்டிருந்தேன். திடீர்னு நின்னுபோச்சுடா. நீ விளிம்புல போயிட்டன்னு நெனச்சேன். அதான் பிரேக்க விட்டுட்டு ஓடி வந்தேன்."

"பாத்து நட, கல்லு கெடக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, ஹிவெத் கண்ணாடி போட்டுக்கொண்டு புருவம் பிடுங்கும் இடுக்கியால் முள் எடுத்தாள். மூன்று சுற்றுக் காப்பி முடிந்தும் முள் முடியவில்லை. சங்கத்துக்காரர்கள் எல்லோரும் பார்க்க வந்து, அவன் முதுகைச் சுற்றி உட்கார்ந்து, தப்பு யார்மேல் என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள். பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் என்றார் ஸெராய். இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது, மாப்பிள்ளை. மலையில் அப்படிச் சொன்ன ஃபெசஹா, தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கி, "முப்பத்தேழு வருஷமா அந்த வளைவுல எவ்வளவு தூரத்துல நிப்போம்னு எங்களுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. நான் சரியாத்தான் பிரேக் புடிச்சேன். அவன் அதுக்கு முன்னாடியே நின்னுட்டான்! பாதிப் பேர் சீக்கிரம் நிக்கிற சைக்கிள், பாதிப் பேர் மெதுவா நிக்கிற சைக்கிள்னா கூட்டமா எப்படி ஓட்டுறது? ஒண்ணு அந்த சைக்கிள், இல்ல நான்" என்றான். பிரேக்கை விட்டதைப் பற்றி மூச்சுவிடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அவன் சொன்னது பொய். ஆனால் அவன் வாதம் சரி. நல்ல பிரேக் பிடித்தவன் குற்றவாளியா, பிரேக் பிடிக்காமல் ஓடி வந்தவன் குற்றவாளியா? குற்றமே குரங்குமேல்தான் என்று தெவெல்தே சொன்னதும் சரியாகவே பட்டது. வாக்கெடுத்தார்கள். சைக்கிள் இருக்கட்டும் என்று ஐந்து, போகட்டும் என்று ஐந்து. பதினோராவது ஆள் நான். இன்னும் வாக்குச் சொல்லவில்லை.

ஒரு வாரம் யோசித்து முடிவு செய்துவிட்டேன். குரங்குக்கு முன்னால் அந்த சைக்கிள் எனக்கு உதவியது நிஜம், ஆனால் நண்பன் முள்ளோடு நின்ற நேரத்தில் கைவிட்டதே. ஒரு கம்பி அறுந்தால் கட்டிக்கொள்ளலாம். செத்த பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மலையில் நான் என்ன செய்திருக்க முடியும்? யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆகவே, தாங்கள் மனம் வருந்தாமல், ஹிவெத்தின் அத்தை மகன் வரும் வியாழக்கிழமை ஸ்வீடன் திரும்பும்போது சைக்கிளை அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். தங்கள் அன்பை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்கிறேன். இது என் இறுதி முடிவு.

தாங்களும் ருஃப்தாவும் நூறாண்டு சேர்ந்து வாழ்ந்து, பிள்ளைகள் பெற்று, ஒரே வேகத்தில் போய் ஒரே இடத்தில் நிற்கும்படி கடவுள் அருளட்டும்.

இப்படிக்கு, குழப்பம் தீர்ந்த
மாமனார் ஓக்பாஸ்கி.

பின்குறிப்பு: கவரில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது ருஃப்தா போன் செய்தாள், பேட்டரி செத்த கதையை ஹிவெத் முன்பே சொல்லிவிட்டாளாம். "அப்பா, அந்த சைக்கிள்ல முன்னாடி ஒரு பேட்டரி, பின்னாடி ஒரு பேட்டரி, ரெண்டும் ஒரே மாதிரிதானாம். பின்னாடி உள்ளது செத்துட்டா முன்னாடி உள்ளதக் கழட்டி அங்க மாட்டிக்கலாம், அரை நிமிஷ வேலைன்னு அவர் சொல்லச் சொன்னார்" என்றாள். போய்ப் பார்த்தேன். கழற்றினேன், மாட்டினேன், 'ழ்ழீக்' என்றது. ஆக, நான் சைக்கிளில் போய்ப் பத்தே நிமிடத்தில் அர்பரோபுவில் ஆட்களைப் பிடித்திருக்கலாம். அவனும் நடந்திருக்க வேண்டாம், அந்தப் பேச்சும் வந்திருக்காது. அது நல்லதா கெட்டதா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஃபெசஹாவே வந்துவிட்டான். உட்காரவில்லை. ஹிவெத் கொடுத்த தின்பண்டத் தட்டோடு நின்றுகொண்டே, "திருப்பி அனுப்பப்போறியாமே? மூளை இருக்கா? அந்த பிரேக்கு இல்லாம இறக்கத்துல உன்னை யார் பாத்துக்கறது? எனக்கு வயசாகுதுடா" என்றான். அன்றைக்குச் சங்கத்துக்கு முன்னால் சொன்னது? என்று கேட்டேன். "அது சங்கம்" என்றான்.

எனவே சைக்கிள் இங்கேயே இருக்கும். மேலே எழுதியிருப்பது எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். பேட்டரி விஷயத்தை மட்டும் ஃபெசஹாவிடம் சொல்லிவிடாதீர்கள், நானும் சொல்லப்போவதில்லை.