எலும்பு டாக்டர் அறையில் என்ன படம்?

கருவிதாசர்கள் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதிரே நிற்பவன் "ஐயோ, வலிக்குதே!" என்று அலறினாலும், திரையில் பச்சை விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு அப்படி ஒண்ணும் காட்டலையே" என்பார்களே, அவர்கள்தான்.

அந்த இனத்தின் திலகம், ஓர் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்க்கும் நிர்வாகி. ஊழியர்கள் வைத்த பெயர் கண்ணாயிரம். இணைய வேகம் நத்தையானதும், எந்த அறை எவ்வளவு தகவலை இழுக்கிறது என்று காட்டும் கண்காணிப்புக் கருவி ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். வந்தது வினை. திரையில் கோடு ஏறினால் புருவத்தை ஏற்றி, இறங்கினால் இறக்கி, வரவேற்பறைப் பெண் கேட்கும் பாட்டையும் கணக்காளர் ஒளிந்து பார்க்கும் பந்தாட்டத்தையும் மோப்பம் பிடித்து, கடைசியில் கருவிக்கு ஓர் ஆணையும் பிறப்பித்துவிட்டார்: பெரிய கோப்பு எது வந்தாலும் சினிமா என்று வைத்துக்கொள், சொட்டுச் சொட்டாக விடு.

கோடு தரையோடு படுத்தது. எங்கும் பச்சை. மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை எலும்பு டாக்டர் போன் செய்தார்.

"சார், படமே வர மாட்டேங்குது."

"டியூட்டி நேரத்துல படம் எதுக்கு டாக்டர்?"

"என்னது?"

"இங்க எல்லாம் பச்சையாத்தான் காட்டுது." வைத்துவிட்டார்.

சற்று நேரத்தில் கருவி சிவந்து கூவியது. அதே அறை, அதே பெரிய கோப்பை மறுபடி மறுபடி கேட்கிறது. படித்த மனிதருக்கு இப்படியும் ஒரு சினிமாப் பித்தா? கையும் களவுமாகப் பிடிக்கப் படியேறினார் கண்ணாயிரம். கதவைத் தட்டவில்லை. தட்டினால் திரையை மாற்றிவிடுவார்களே!

உள்ளே, ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயிண்டர், வீங்கிய கையை மறு கையில் ஏந்திப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மனைவி அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் பாதி எக்ஸ்ரே.

"முழங்கை வரைக்கும் வந்திருக்கு" என்றார் டாக்டர். "மணிக்கட்டு வந்து சேர்றதுக்குள்ள எலும்பு தானாவே கூடிடும்."

"கோணலா கூடிடுமாமே!" என்றாள் மனைவி. "கையை நம்பித்தாங்க எங்க பொழைப்பே. நீங்கதான் நெட் பார்க்கிறவரா? ஏதாவது செய்ங்கண்ணா!"

படம் என்றால் எந்தப் படம் என்று கண்ணாயிரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டிரண்டு படிகளாகத் தாவி இறங்கி, ஓடிப்போய் ஆணையை நீக்கினார். படுத்திருந்த கோடு மலையாய் எழுந்தது. மாடியில் மணிக்கட்டு வந்தது, முறிவு தெரிந்தது, எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார்கள்.

தப்பை ஒப்புக்கொண்டாரா? அந்த வழக்கம் இந்த இனத்தில் கிடையாது. என்ன கோளாறு என்று மேலதிகாரி கேட்டதற்கு, "எக்ஸ்ரே மெஷின் படத்தை ரொம்பப் பெருசா எடுக்குது சார். நான்தான் சமாளிச்சேன்" என்றார். மீசையில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று கொட்டும் மழையில் ஒருவர் நின்று, கைபேசியை எடுத்து, 'இன்று மழைக்கு வாய்ப்பில்லை' என்று படித்து, "அதானே பார்த்தேன்" என்று குடையை மடக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் வந்ததால் எனக்கு முகம் தெரியவில்லை.

நடை மட்டும் உங்கள் நடை.