காரைச் சூடு பண்ணிவிட்டு வருகிறேன்

மனைவியிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று 2009 ஜனவரி முதல் தேதி தீர்மானம் எடுத்தேன். ஆகவே பொய்யை மாப்பிள்ளையின் பெயரில் சொல்ல வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளை சாய் கிருஷ்ணா, என் மகள் மஹிமாவின் கணவர். வேலை மாறி அமெரிக்காவுக்குப் போகும்போது தன் புதுக் காரைக் கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் ஃப்ளாட் வாசலில் விட்டுவிட்டுப் போனார். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஹைப்ரிட் கார். சிக்னலில் நின்றால் என்ஜின் தானே அணைந்துவிடும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே எழுந்துகொள்ளும். ஆனால் என்ஜின் சூடேறும் வரைக்கும் இந்த வித்தையைக் காட்டாது. குளிர்காலக் காலையில் சூடேறக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும்.

கொஞ்ச தூரம் என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அது லேக் மார்க்கெட் வரைக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

லேக் மார்க்கெட்டில் சண்முகத்தின் காபிக் கடை இருக்கிறது. எனக்கோ சர்க்கரை வியாதி. டாக்டர் காபியில் சர்க்கரை கூடாது, வடை கூடாது என்றார். என் மனைவி வசந்தி ஒரு படி மேலே போய்க் காபியையே நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள் டிக்காஷன் வாசனை வந்து இரண்டு மாதமாகியிருந்தது. நான் உருகிக்கொண்டிருந்தேன்.

"மாப்பிள்ளை சொன்னார், குளிர்ல தினமும் காலையில காரை ஒரு சுத்து ஓட்டிச் சூடு பண்ணணுமாம். இல்லேன்னா பேட்டரி போயிடுமாம்."

நான் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பவள், மாப்பிள்ளை சொன்னார் என்றதும் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். எதிர் ஃப்ளாட் பெங்காலி லாஹிரி தாதாவும் காதை மூடிய மங்கி கேப்புக்குள்ளிருந்து ஆமோதித்தார். கொஞ்சம் காற்றடித்தாலே சளி பிடித்துவிடும் என்று ஊரே மஃப்ளர் சுற்றிக்கொள்கிற கல்கத்தாவில், காருக்குக் குளிரும் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

தினமும் இரண்டு மெதுவடை, சாம்பார், சர்க்கரை போட்ட டபரா காபி. வடை இறங்கியது, பயம்தான் இறங்கவில்லை. ஒரு கண் இலையிலும் ஒரு கண் வாசலிலுமாகச் சாப்பிட்டேன். தெரிந்த முகம் ஏதாவது உள்ளே வந்தால் பேப்பருக்குள் புகுந்துகொண்டேன். குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவைத்ததில் சட்டையில் ஒட்டிவந்த சாம்பார் வாசனை காருக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரியாஹாட் போகும்போது வசந்தி மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். என்னைப் பார்த்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். திட்டியிருந்தால்கூட அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. மகளோடு பேசி முடித்ததும் வசந்தி மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னாள். ஸ்பீக்கரைப் போட்டாள். 

"மாப்பிள்ளே, தினமும் காலையில காரைச் சூடு பண்ணணும்னு இவர்கிட்ட சொன்னீங்களாமே?"

 என் மானம் முழுக்க அந்த ஸ்பீக்கருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மாப்பிள்ளை நல்ல குடும்பத்துப் பிள்ளை. மாமனாரைப் பொய்யராக்க அவருக்கு மனசு வரவில்லை.

"ஆமாம் அத்தை. மாமா சொல்றது சரிதான்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பியது. அத்தோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா ரொம்ப தூரமெல்லாம் ஓட்ட வேண்டாம் அத்தை. முன்னாடி காத்து உள்ள போற கிரில் இருக்கில்ல, அதுல பாதியை ஒரு அட்டையால மறைச்சிடுங்க. குளிர்ந்த காத்து படலேன்னா என்ஜின் சீக்கிரம் சூடாயிடும். வெயில் வந்ததும் மறக்காம எடுத்துடுங்க."

மறுநாள் காலையில் மிக்ஸி வந்த பெட்டியை வசந்தி அளவாக வெட்டினாள். லாஹிரி தாதாவின் மனைவி, அண்ணி என்ற பொருளில் தெருவுக்கே பௌதி, அட்டையைப் பிடித்துக்கொள்ள, இவள் கயிற்றால் கட்டினாள். கட்டி முடித்ததும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அட்டை வேலை செய்கிறதா என்று மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமாம்.

வழியெல்லாம் பச்சை விளக்கு வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். நின்றால்தானே அணையும். கரியாஹாட்டில் சிவப்பு விழுந்தது. என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. நல்ல பிள்ளை என்று ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தேன். தேசப்பிரியா பார்க்கிலும் சிவப்பு. அங்கே அது பொசுக்கென்று அணைந்தது. அடுத்து லேக் மார்க்கெட்தான். சண்முகம் இந்நேரம் இரண்டாவது ஈடு வடையை எடுத்துக்கொண்டிருப்பார்.

"சூடாயிடுச்சு. திருப்புங்க" என்றாள் வசந்தி.

எதற்கும் இன்னும் கொஞ்சம் போகலாமே என்று இழுத்துப் பார்த்தேன். இவ்வளவு போதும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார் என்றாள். திருப்பினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கப்புறம் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒருநாள் அவள் வருவதற்குள் அட்டையை அவிழ்த்தேன். பௌதி பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, அட்டை விழுந்துவிட்டது என்று கூவியபடி தானே இறங்கி வந்து, முன்னைவிட இறுக்கமாகக் கட்டிவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் காலையில் ஆணியில் சாவியைக் காணோம். அது வசந்தியின் கையில் இருந்தது. தோளில் சால்வை. மஹிமா இங்கே இருந்தபோதே அம்மாவுக்கு இந்தக் காரை ஓட்டச் சொல்லிக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தாள். ஓட்ட விடாமல் வைத்திருந்தது நான்தான்.

"மாப்பிள்ளை சொன்னார்" என்றாள். "நீங்க காலையில ஏரியைச் சுத்தி நடக்கணுமாம். காரை நான் சூடு பண்ணணுமாம்."

எப்போது சொன்னார் என்று கேட்க வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையிடம் போய் விசாரித்தால், அவர் என்னிடம் எப்போது சொன்னார் என்ற விசாரணையும் கூடவே வரும். இது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்பது முகத்தில் மட்டும் தெரியவில்லை.

லாஹிரி தாதாவின் இன்னொரு மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றினேன். மூச்சு வாங்க வீடு திரும்பினால் காரைக் காணோம். எங்கேயாவது இடித்துவிட்டாளோ, மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று வாசலிலேயே தவித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் கார் வந்து நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. வசந்தி இறங்கினாள். அந்தப் பக்கம் பௌதி இறங்கி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே, மதராஸிச் சட்னி 'குப் பாலோ', ரொம்ப நன்றாக இருக்கிறது என்று என்னிடம் தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போனாள். திறந்த கதவு வழியாகப் புது சாம்பார் வாசனை வந்தது.

காரின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். கிரில் வெறுமையாக இருந்தது.

"அட்டையை ஏன் கழட்டினே?"

"அது இருந்தா தேசப்பிரியா பார்க்லயே சூடாயிடுதுங்க" என்றாள் வசந்தி. "காபிக் கடை வரைக்கும் போக முடியலே."