ஏழு பெண்டிரைவ்காரர்

பெரியவரைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, மடங்கிக் கிடந்த வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்த சிஸ்டருக்கு, அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்பது பார்க்காமலே தெரியும். அங்கே உட்கார்ந்திருப்பது ஒரு தனி இனம். ‘தேர்ந்தெடுத்துக்கொண்டே இருப்பவர்’ என்று பெயர் வைக்கலாம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். எதையும் எடுக்கவும் மாட்டார்.

இவர் பெரியவரின் மகன். வீட்டுக் கணினி பழசாகி, வீடியோ அழைப்பு நின்றுபோய் மூன்று வாரம். புதிது வாங்க வேண்டாம், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டால் பழசே ஓடும் என்று கண்டுபிடித்தவரும் இவர்தான். நல்ல யோசனை. அன்று சாயங்காலமே வேலை முடிந்திருக்கும். ஆனால் லினக்ஸில் பல வகை உண்டு என்று யாரோ சொல்லித் தொலைத்துவிட்டார்கள்.

பிறகென்ன? ‘புதியவனுக்கு எது நல்லது?’ என்று இணையத்தில் கேட்டார். நாற்பது பேர் நாற்பது பதில் சொல்லி, அப்புறம் ஒருவரையொருவர் திட்டத் தொடங்கி, கேட்டவர் ஒருவர் இருப்பதையே மறந்தார்கள். இவரோ அத்தனையையும் அட்டவணையாக்கி, ஏழு பெண்டிரைவில் ஏழு வகையை ஏற்றி, ஒவ்வொன்றாகச் சொருகி, நிறுவாமலே ஓட்டி, பின்னணிப் படத்தை ரசித்து, ஐகான் உருண்டையா சதுரமா என்று ஆராய்ந்து, பெருமூச்சோடு உருவிவிடுவார். நிறுவுவதா? அதற்குள்ளாகவா?

“தம்பி, நாளைக்குப் பத்து மணிக்கு வீடியோவுல பிசியோ. ரெண்டு தடவை விட்டாச்சு. இதையும் விட்டா நம்ம நேரத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. போன்ல பார்க்க ஐயாவுக்குக் கண்ணு எட்டலை. விரல் இறுகிட்டே வருது.”

“அவசரப்பட்டு ஒண்ணைப் போட்டுட்டு அப்புறம் மாத்த முடியுமா, சிஸ்டர்?”

“ஏன், முடியாதா?”

“முடியும். ஆனா…”

அந்த ‘ஆனா’ அரைமணி நேரம் ஓடியது.

பெரியவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு கோணவில்லை. “செருப்பு வாங்கப் போனாலும் இப்படித்தான். கடைக்காரன் விளக்கை அணைச்சாத்தான் வெளிய வருவான்.”

“வெறுங்காலோடயா?” என்றார் சிஸ்டர்.

“வேற எப்படி?”

“அப்பா, இது ரொம்ப வருஷத்துக்கான முடிவுப்பா.”

“எனக்கு அவ்வளவு வருஷம் இல்லடா.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் திரையில் எத்தனை ஒப்பீட்டுப் பக்கங்கள் திறந்து கிடக்கின்றன என்று, பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை, எட்டாவது வகை ஒன்றைப் பற்றி விசாரிக்க மகன் நண்பர் வீட்டுக்குப் போனார். சிஸ்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முதலில் அகப்பட்ட பெண்டிரைவைச் சொருகினார். எப்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது மூன்று வாரமாகப் பார்த்துப் பார்த்து மனப்பாடம். கணினியில் இருந்த படங்களையெல்லாம் மகன் ஏற்கெனவே மூன்று இடத்தில் நகலெடுத்து வைத்திருந்தார். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது. ‘நிறுவு’ என்றிருந்த இடத்தில் சிஸ்டர் அழுத்தினார். பெரியவருக்குப் பல் துலக்கி, உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்காரவைப்பதற்குள் அது தன் வேலையை முடித்திருந்தது.

பத்து மணிக்கு பிசியோ அம்மா திரையில் தன் கையை விரித்துக் காட்டினார். பெரியவரின் கட்டைவிரல் நடுங்கி, நெல்லளவு நகர்ந்தது.

மகன் உள்ளே வந்து திரையைப் பார்த்தபடி நின்றார். “எதைப் போட்டீங்க?”

“தெரியலை தம்பி. ஐயா சாயறார், கொஞ்சம் தோளைப் பிடிங்க.”

“எந்தத் தோளை?” என்றார் மகன்.