கதவில் ஒட்டிய பாஸ்போர்ட்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்து பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே கொட்டட்டும்.

லா பாஸ் நகரத்தில் எங்கள் மேட்டுத் தெருக்காரன் வென்செஸ்லாவோ கலிசாயா. கலைஞன். கையில் சிக்கியதையெல்லாம் பலகையில் ஒட்டி, மேலே சாயம் தெளித்து, அதற்கொரு பெயரும் வைப்பான். அவன் காய்ச்சும் பசை லேசுப்பட்டதல்ல. ஒருமுறை தெருநாய் ஒன்று தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கும் அது ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் குரைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

பத்தொன்பது வருஷமாக அவன் ஒட்டியதெல்லாம் மனைவி இலாரியாவின் சாமான்கள். சந்தையில் அவள் ஊதாச் சோளக் கஞ்சி ஊற்றும் கரண்டி, ஒற்றைக் கம்மல், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை போடும் வட்டத் தொப்பி.

"ஏங்க, என் தொப்பி எங்க?"

"கதவுல."

"மாட்டியிருக்கா?"

"ஒட்டியிருக்கு."

"பிச்சுக் குடுங்க."

"அடியே, ஒட்டினது ஒட்டினதுதான். ஒரு துண்டை எடுத்தாலும் உயிர் போயிடும்!"

"யார் உயிரு?"

அவள் சாமானெல்லாம் ஒட்டிய அந்தப் பழைய கதவைத்தான் லிஸ்பன் கண்காட்சிக்குத் தயார் செய்திருந்தான். தேர்வானால் ஒரு படைப்பு, கூடவே ஓர் ஆள், அங்கே மூன்று மாதம். கலைக்கு அங்கீகாரம் கிடைக்கிறதோ இல்லையோ, இலாரியாவிடமிருந்து மூன்று மாத விடுதலை! அதை நினைத்தாலே அவனுக்கு இனித்தது.

தேர்வுக்குழு வரவிருந்த அன்றுதான் அலசிதா திருவிழா. பொம்மை வீடு வாங்கிச் சரியாக நண்பகலில் சாம்பிராணிப் புகை காட்டினால், வருஷத்துக்குள் நிஜ வீடு. வென்செஸ்லாவோ விரல் நீளத்தில் ஒரு பயணப் பெட்டி, ஒரு விமான டிக்கெட், ஒரு பாஸ்போர்ட் வாங்கினான். புகை காட்டினான். ஓடிவந்து கதவின் நட்டநடுவே ஒட்டினான். அவசரத்தில் பாஸ்போர்ட்டில் பெயர் எழுத மறந்துவிட்டான்.

இலாரியா குனிந்து பார்த்தாள். "பெட்டி ஒண்ணுதான் இருக்கு?"

"இது கலைடி. உனக்குப் புரியாது."

"புரிஞ்சிடுச்சு" என்றாள்.

அவன் முகச்சவரத்துக்குப் போனான். அவள் பேனாவைத் தேடினாள். எழுதி முடித்து, அவன் பசையையே மேலே ஒரு பூச்சுப் பூசினாள்.

குழு வந்தது. தலைவியம்மா பூதக்கண்ணாடியும் கையுமாகக் கதவை மோந்து பார்க்காத குறை.

"ஒவ்வொண்ணும் நீங்களே யோசிச்சு ஒட்டினதா?"

"ஒவ்வொண்ணும்மா! ஒண்ணை மாத்தினாலும் உயிர் போயிடும்."

"பாஸ்போர்ட்ல இலாரியா கலிசாயான்னு இருக்கே. யாரு?"

வென்செஸ்லாவோவின் வாயையே யாரோ ஒட்டிவிட்ட மாதிரி ஆயிற்று. "எ... என் வீட்டுக்காரி."

தலைவியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்க சாமானெல்லாம் கதவுல மாட்டிக்கிச்சு, அவங்க மட்டும் வெளியே போறாங்க! அடடா! இந்தக் கதவோட லிஸ்பன் போக வேண்டியவங்க அவங்கதான். என்ன பெரிய மனசுய்யா உங்களுக்கு!"

இல்லையென்றால் கதவு போச்சு. ஆமாமென்றால் பயணம் போச்சு.

"ஆமாம்மா... பெரிய மனசு."

குழு தெருமுனை தாண்டியதும் கத்தியைத் தூக்கினான். "அடியே, அந்தப் பேரை மட்டும் சுரண்டிடுறேன்."

"ஏங்க, ஒட்டினது ஒட்டினதுதான்" என்று இலாரியா கரண்டியை, அதுவும் புதுக் கரண்டியை, அவன் கையில் திணித்தாள். "நாளையிலேர்ந்து கஞ்சி அடிப்பிடிக்காம கிண்டுங்க."

யாரிடமும் சொல்லாதீர்கள். வாய் தவறிச் சொன்னாலும் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். எனக்குக் காலைக் கஞ்சி இப்போது அவன் கையால்தான். ஏற்கெனவே அதில் பசை வாடை.