ககனராணியின் இரைச்சல்

பறந்தவர்களைப் போற்றி எழுத உலகில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பறக்காமலேயே வானூர்தித் துறையைத் தன் கைக்குள் வைத்திருந்த ஒரு பெருமகனைப் பற்றி எழுதத்தான் இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. வரலாற்றின் இந்த வெட்கக்கேட்டைத் துடைக்கும் பொறுப்பு, 'இரைச்சல் வேட்டை' நேரலை நிகழ்ச்சியின் ஊடகச் செயலாளர் என்ற முறையில், என் தலையில் விழுந்திருக்கிறது.

அந்தப் பெருமகன் இரத்தினசிங்கம் அண்ணை. டென்மார்க்கின் ஸ்கீவ நகரில், கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. அவரும் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டரும் ஊருக்கு வெளியே புல்தரை விமானத் திடலில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களைப் பொருத்தி, இரண்டு பேர் அமரக்கூடிய ஒரு குட்டி விமானத்தைக் கட்டினார்கள். 'கட்டினார்கள்' என்பது மரியாதைப் பன்மை. கட்டியவர் மாஸ்டர். அண்ணை பெயர் வைத்தார்: 'ககனராணி'.

மாஸ்டர் மட்டக்களப்பில் பிறந்தவர், டேனிஷ் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சம்பளம் மிச்சம் பிடித்து விமானம் ஓட்டப் பழகி, அதற்கான உரிமமும் எடுத்து வைத்திருந்தார். அண்ணையிடம் உரிமம் இல்லை. உயரத்துக்குப் பயம் என்று சிலர் சொல்லித் திரிந்தார்கள். அது பொறாமை. அவர் ஏணியில் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன்; கீழ்ப்படிதான், ஆனாலும் ஏணி.

வசந்த காலத்தில் பரிசோதகர் வந்தார். இறக்கை, இயந்திரம், சில்லு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். ரேடியோவைப் போட்டபோது மட்டும் ஆயிரம் ஈக்கள் ஒன்றாகப் பறப்பதுபோல் ஓர் இரைச்சல். அதற்குள்ளே யார் என்ன பேசினாலும் விளங்கவில்லை. அதே திடலில் டேனிஷ்காரர் இயந்திரமில்லாத கிளைடர் விமானங்கள் ஓட்டுகிறார்கள். அவர்கள் இறங்கப் போகிறோம் என்று சொல்வது காதில் விழாவிட்டால் யார் யார்மேல் இறங்குவது என்று தெரியாது. இரைச்சலைத் தீர்த்த பிறகு பறக்கலாம் என்று பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனார்.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் இரைச்சலைத் தீர்த்திருப்பான். அண்ணை சாதாரண மனிதரா என்ன?

பரிசோதனையை அவர் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். அது வரை அவர் காட்டிய நேரலைகளுக்கு உறவினர்கள்தான் விருப்பம் போடுவார்கள். இரைச்சல் கேட்ட அன்றோ கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் கருத்து எழுதினார்கள். அண்ணை என்னை ஒரு பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஜெசிந்தன், விமானம் ஒருநாள்தான் முதல்முதல் பறக்கும். இரைச்சல் ஒவ்வொரு சனியும் இரையும்."

அப்படிப் பிறந்ததுதான் 'இரைச்சல் வேட்டை'. சனிக்கிழமை தோறும் விமானத்தின் முன்பலகையில் கைத்தொலைபேசியைப் பூட்டி, பக்கத்தில் வட்ட விளக்கு ஒன்றைக் கொளுத்துவேன். இரண்டுக்கும் மின்சாரம், விமானத்தில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகிய ஒரு மலிவான சார்ஜரிலிருந்து வந்தது; பரிசோதனை நாளிலும் அதுதான் செருகியிருந்தது. பிறகு ரேடியோவைப் போடுவோம். அது தவறாமல் இரையும். அண்ணை முகத்தைச் சுளித்து, "அன்பான உறவுகளே" என்று தொடங்குவார்.

முதல் வேட்டையில் இயந்திரத்தின் பிளக்குகளைக் கழற்றினோம்.

"எஞ்சின் நிப்பாட்டியிருக்கேக்கையும் இரையுது," என்றார் மாஸ்டர். "பிறகேன் பிளக்கைக் கழட்டினனீர்?"

"பாக்கிற சனம் பிளக்கைப் பாக்க ஆசைப்பட்டது, மாஸ்டர்."

அடுத்து அன்டெனாவை வயிற்றிலிருந்து முதுகுக்கு மாற்றினோம். பிறகு முதுகிலிருந்து வயிற்றுக்கு. கேபிள்களுக்கு வெள்ளித்தாள் சுற்றினோம். அல்பர்ட்ஸ்லுண்ட் என்ற ஊரிலிருந்து ஓர் அன்பர், விமானத்தின் மூக்கு தெற்கே பார்ப்பதுதான் காரணம் என்றார்; அதையும் திருப்பி வைத்தோம். கடைசியில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மக்களிடமே ஒப்படைத்து வாக்கெடுப்பு நடத்தினோம். பெரும்பான்மை வாக்குகளால் வலது பக்கச் சில்லு குற்றவாளி என்று முடிவானது. ஜனநாயகத்தை மதித்து அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டினோம். மாஸ்டர் கொட்டகைக்கு வெளியே போய் நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் முடியும் தறுவாயில் மாஸ்டர் அண்ணையிடம் வந்தார். கண்ணில் அழுத்தம் கூடிவிட்டதாம். ஓட்டுவதற்கான வைத்தியச் சான்று அந்த மாதத்தோடு முடிகிறதாம். இனிப் புதுப்பிக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம்.

அண்ணை உருகிப் போனார். மாஸ்டரின் தோளில் கை வைத்தார்.

"இதை ஒரு சிறப்பு நிகழ்ச்சியாச் செய்வம், மாஸ்டர். கண்ணைக் கிட்டத்தில காட்டுவம்."

"எனக்கு நிகழ்ச்சி வேண்டாம், இரத்தினம். நான் கட்டின பிளேனில ஒருக்கால் பறந்தாக் காணும்."

"இரைச்சலோட எப்பிடி விடுறது? பாதுகாப்பெல்லே முதல்."

பாதுகாப்பின் மேல் அண்ணைக்கு இருந்த பற்று அப்படிப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை அண்ணையின் மனைவி விமலாதேவி அக்கா முதியோர் இல்லத்து வேலை முடிந்து நேரே கொட்டகைக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நேரலை தொடங்கவில்லை, ரேடியோவும் விளக்கும் போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் தொலைபேசியில் சார்ஜ் இல்லை. அவர் பாட்டுக்கு விமானத்துக்குள் கையை விட்டு எங்கள் சார்ஜரைத் துளையிலிருந்து பிடுங்கினார். தன்னுடைய சார்ஜரைச் செருகுவதற்குள் எல்லாரும் அப்படியே நின்றோம்.

இரைச்சல் இல்லை. கிளைடர் ஓட்டும் ஒரு பெண், தான் மேற்குப் பக்கமாகத் திரும்பி இறங்க வருவதாக டேனிஷில் சொன்னாள். பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருந்தது.

"இது என்ன, இண்டைக்கு நல்ல வடிவாக் கேக்குது," என்றார் அக்கா.

மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. "முடிஞ்சுது. சார்ஜர்தான் சனியன். அதைக் கழட்டிப்போட்டுப் பறப்பம்."

அண்ணை சார்ஜரை மனைவியின் கையிலிருந்து வாங்கி மறுபடியும் செருகினார். ஈக்கள் திரும்பி வந்தன.

"ஒருக்கா நடந்ததை வைச்சு அவசரப்படக்கூடாது," என்றார். "விஞ்ஞான முறைப்படி ஆராயவேணும்."

"என்னத்தை ஆராயிறது? கழட்டினா நிக்குது, செருகினா இரையுது."

"கழட்டினா கமராவும் நிக்குது, மாஸ்டர். சனத்துக்கு என்னத்தைக் காட்டுறது?"

"இஞ்சேருங்கோ," என்றார் அக்கா, "பிளேன் பறக்கிறதைக் காட்டலாமே?"

அண்ணை அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிருவாகம் அறியாதவர்கள்மேல் அறிந்தவர்களுக்கு வரும் இரக்கம்தான் இருந்தது. பறந்து முடிந்தால் அடுத்த சனிக்கிழமை என்ன? அக்கா தேத்தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். உடனே அவசரக் கூட்டம் கூடியது. நானும் அண்ணையும் கலந்துகொண்டோம். சார்ஜர் 'விசாரணைக்கு அப்பாற்பட்டது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். பறப்பு அடுத்த கோடைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

மாதத்தின் கடைசி நாள் வேலை நாள். மத்தியானம் மாஸ்டர் எங்கள் இருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டார். நாங்கள் போனபோது அவர் பரிசோதகரிடம் பேசி, ரேடியோவைப் போட்டுக் கேட்கவைத்து, சம்மதமும் வாங்கியிருந்தார். ககனராணி கொட்டகைக்கு வெளியே புல்லில் நின்றது. மாஸ்டர் சார்ஜரை என் கையில் தந்தார்.

"இதைப் பத்திரமா வைச்சிரும், தம்பி."

அண்ணை மறிக்கவில்லை. மறிக்க முடியவில்லை என்பது சரி. மாஸ்டர் ஏறிக் கதவைச் சாத்தினார். விமானம் புல்லில் குலுங்கி ஓடியது, குலுக்கம் நின்றது, எழும்பியது. காற்றின் திசை காட்டும் துணிப் பையைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, லிம் கடலேரிப் பக்கம் திரும்பியது. வெயிலில் அதன் இறக்கை ஒருமுறை பளிச்சிட்டது. என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்க் கைத்தொலைபேசியை எடுத்தது. அது நிறையச் சார்ஜோடு இருந்தது.

"எடுக்காத," என்றார் அண்ணை. "இது வெளியில போனா சனிக்கிழமை நாங்கள் என்ன செய்யிறது?"

நான் செயலாளர். உள்ளே வைத்தேன்.

கிளைடர்காரர் கொடுத்து வைத்திருந்த கையடக்க ரேடியோ அண்ணையிடம் இருந்தது. அதில் மாஸ்டரின் குரல் வந்தது. தெளிவான குரல். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அது மின் இடையூறு அல்ல.

"இரத்தினம், கடல் தெரியுது. நான் கதைக்கிறது கேக்குதோ?"

அண்ணையின் கட்டைவிரல் பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"இரத்தினம்? கேக்குதோ?"

பிறகு மாஸ்டர் அதையே டேனிஷில் கேட்டார். கிளைடரில் இருந்த பெண் உடனே பதில் சொன்னாள்: மிகத் தெளிவாகக் கேட்கிறது, இன்றைக்கு வானம் நன்றாக இருக்கிறது, அனுபவியுங்கள். மாஸ்டர் அவளுக்கு நன்றி சொன்னார்.

இறங்கியதும் மாஸ்டர் விமானத்தைத் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டார், இறக்கையைத் துணியால் துடைத்தார், சைக்கிளில் ஏறிப் போனார். பிறகு அவர் வரவேயில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வந்தது. சார்ஜரைச் செருகினேன். ரேடியோ கம்பீரமாக இரைந்தது. அன்று அண்ணை பின்சிறகில் சந்தேகம் கொண்டிருந்தார். நடுவிலே மாஸ்டரின் மனைவி இராசலட்சுமி அக்கா ஒரு கருத்து எழுதினார்: 'எங்கட அவர் இதில பறந்தவர். அதையும் ஒருக்காச் சொல்லுங்கோ.'

பார்த்தவர்கள் பரபரத்தார்கள். பறந்ததா, எப்போது, ஏன் காட்டவில்லை என்று கேள்விமேல் கேள்வி. அண்ணை அசையவில்லை. கமராவை நேராகப் பார்த்தார்.

"அன்பான உறவுகளே, எங்கட மதிப்புக்குரிய மாஸ்டருக்குக் கண் ஏலாது. அந்த மனவருத்தத்தில குடும்பம் ஏதோ எழுதுது. நாங்கள் அதைப் பெரிசுபடுத்தக்கூடாது. ககனராணி இன்னும் பறக்கயில்லை. பறந்ததுக்கு ஆதாரம் இருந்தா ஆரும் காட்டலாம்."

இந்தப் பெருந்தன்மையைக் கண்டு பலர் கைகூப்பும் படங்களை அனுப்பினார்கள். அன்றுதான் எங்களுக்கு வரலாறு காணாத விருப்பங்கள் விழுந்தன.

ஊடகச் செயலாளர் என்ற முறையில் நானும் எங்களிடம் உள்ள பதிவுகள் அனைத்தையும் பக்கச்சார்பில்லாமல் பரிசீலித்துவிட்டேன். செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் பறந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். அவர் பறந்ததைக் கண்ணால் கண்ட தமிழர்கள் உலகத்தில் இரண்டே பேர். இருவரும் சனிக்கிழமைகளில் நிகழ்ச்சி நடத்துகிறோம்.