படகும் உட்கார்ந்த கருத்துக் கேட்புக் கூட்டம்

சௌல்தாரி என்ற தீவுக் கிராமத்தில் ஒரு கோழிப்பண்ணையை விட்டுவிட்டு, தோளில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். யாரும் என்னை விரட்டவில்லை. எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வேலை நன்றாகப் பழகிவிட்டால் கால் தானாக வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடும். சுனாமிக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில் நிவாரண முகாமில் கிச்சடி கிண்டினேன், தகரக் கொட்டகைகளுக்கு ஆணி அடித்தேன், ஜங்லிகாட் கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டினேன், கடைசியாகக் கோழிகளுக்குத் தீனி போட்டேன். அதற்கு முன்னால் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து அப்பாவைச் சர்க்கார் கொண்டுவந்து இறக்கிய இடம் அது. கடல் வந்தது, வீடு போயிற்று. என் படிப்பு அதற்கும் முன்பே எட்டாம் வகுப்போடு போயிருந்தது (அந்தப் பழியைக் கடல்மேல் போட முடியாது).

நடந்துகொண்டிருந்த என் பக்கத்தில் ஒரு ஜீப் நின்றது. உள்ளே சென்னையிலிருந்து வந்திருந்த நிர்மலா மேடம். ஓடைக்கரையில் படகு நிற்கும் ஒரு ஜெட்டிக்கு வழி கேட்டார். நான் வழி சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். (வழி சொல்வதை விடக் கூடப் போவது சுலபம்.)

அந்த ஜெட்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அங்கே என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய ஜெட்டி சுனாமியில் மூழ்கிவிட்டதால், ஓடைக்குள் கொஞ்சம் தள்ளி மரத்தால் தற்காலிகமாக ஒன்று போட்டிருந்தார்கள். அதே இடத்தில் சிமெண்டில் புதிதாகக் கட்டி, பக்கத்திலேயே பஸ் நிறுத்தமும் வைப்பது திட்டம். கட்டுவதற்கு முன் ஜனங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதுதான் மேடத்தின் வேலை.

அவர் ஏற்கெனவே ஒரு கூட்டம் போட்டுப் பார்த்திருந்தார். பள்ளிக்கூடத்தில், பகல் பதினொரு மணிக்கு. வந்தவர்கள் பென்ஷன்காரர்களும் ஒரு காண்டிராக்டரும். படகுப் போக்குவரத்து பிரமாதம் என்றார்களாம். கடைசியாக எப்போது படகில் போனீர்கள் என்று கேட்டதற்கு ஒரு பெரியவர், "முழங்கால் வலி வர்றதுக்கு முன்னாடி" என்றாராம்.

"படகுல போறவங்க எனக்கு வேணும். சேர்த்துக் குடுத்தீங்கன்னா திட்டம் முடியிற வரைக்கும் நீங்க என்கூட இருக்கலாம்" என்றார் மேடம்.

திட்டம் முடிய இரண்டு வருடமாவது ஆகும். அவ்வளவு நீளமான வேலையை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது.

இரண்டு நாள் ஜெட்டியிலேயே சுற்றினேன். பெரிய கண்டுபிடிப்பு ஒன்று செய்தேன். கடைசிப் படகு கிளம்பும் நேரத்தில் ஜெட்டியில் ஜனம் நெரிகிறது. காய்கறி விற்ற பெங்காலிப் பெண்கள், மீன் விற்ற தெலுங்குக்காரர்கள், கட்டட வேலைக்குப் போய்த் திரும்பும் ராஞ்சி ஆட்கள், நம் ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆடுகள். அப்படியானால் கூட்டத்தை அந்த நேரத்தில், ஜெட்டி வாசலிலேயே வைத்துவிட்டால் போயிற்று. மேடம் என் மூளையைப் பாராட்டினார். அவர்கள் எதற்காக அங்கே கூடுகிறார்கள் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அன்று சாமியானா கட்டி, நாற்காலி போட்டு, மைக்கைக் கையில் எடுத்தேன். தமிழ், ஹிந்தி, அரைகுறை பெங்காலி மூன்றிலும் அழைத்தேன். ஜனம் வந்தது. தேநீரைக் குடித்தது. கோப்பையை வைத்துவிட்டுப் படகில் ஏறியது. வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் மேடம் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றார். என் இரண்டு வருட வேலை, ஆட்டோடும் கூடையோடும் படகில் உட்கார்ந்திருந்தது.

ஓடினேன். படகோட்டி ஹரி தாதாவிடம் (தாதா என்றால் பெங்காலியில் அண்ணன்) பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் ஓடையைக் காட்டி, "பானி உதர் ரஹா ஹை" என்றார். கடல் வற்றுகிற நேரம், ஓடையிலும் தண்ணீர் இறங்குகிறதாம். வேலை நேரம் முடிந்தவன் சொல்லும் சாக்கு என்று நினைத்தேன். கடலைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான், ஆனால் ரப்பர் மரத்துக்கு வற்றமும் பெருக்கும் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மேடம் கா ஆர்டர் ஹை, தாதா. சர்க்காரி ஆர்டர்."

தாதா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆர்டர் ஹை தோ டீக் ஹை", ஆர்டர் என்றால் சரி என்று இன்ஜினை நிறுத்தினார். பிறகு ஒரு பீடியைப் பற்ற வைத்தார். இனி எதற்கும் தான் பொறுப்பில்லை என்று ஆகிவிட்ட மனிதனின் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜனம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தது. நாற்காலிகள் நிரம்பின. நின்றவர்களே அதிகம். நான் மைக்கில், "எல்லாரும் உட்காருங்கள், எல்லாரும் உட்காருங்கள்" என்று ராஜா மாதிரி அறிவித்துக்கொண்டிருந்தேன். மேடம் முகம் மலர்ந்து திட்டத்தை விளக்கினார். இந்த இடம் உங்களுக்கு வசதிதானே என்று கேட்டார். எல்லார் கண்ணும் எனக்குப் பின்னால் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். படகு, குளத்தை விட்டு ஏற மறுக்கும் எருமை போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேற்றில் படுத்திருந்தது. சுற்றிலும் தண்ணீரே இல்லை. நண்டுகள் ஓடின.

முன்வரிசையில் பாக்கியம் அக்கா. ராமநாதபுரத்துப் பக்கம். தினமும் அக்கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகிறவர். காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"ஏம்ப்பா மைக்கு, படகையும் சேத்தா உக்காரச் சொன்ன?"

ஜனம் சிரித்த சிரிப்பில் சாமியானா ஆடியது. (இன்றைக்கும் என் வீட்டில் யாராவது பத்து நிமிடம் பொறு என்றால், என் மனைவி, "பாத்துங்க, உக்காந்துரப் போகுது" என்பாள். பிள்ளைகளுக்கு அது பழமொழியாகவே ஆகிவிட்டது.)

ஹரி தாதா பீடியை அணைத்துவிட்டு வந்து, மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். "ஆப்கா ஆர்டர், மேடம்." உங்கள் உத்தரவாம். மேடம், என்ன ஆர்டர் என்றார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மைக்கைப் பார்த்தேன். அது மட்டும்தான் என்னைத் திட்டவில்லை. நான்தான் சொன்னேன், மேடத்துக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். துரதிருஷ்டவசமாக, மைக் அணைக்கப்படாமல் இருந்தது.

தண்ணீர் திரும்பி வந்தால்தான் படகு எழும். பசிக்கிற கூட்டத்தின் முன்னால் எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். தேநீர்க் கடைக்காரரின் பெரிய சட்டியை வாங்கி, அரிசி பருப்பு போட்டுக் கிச்சடி கிண்டினேன். உப்பு கொஞ்சம் தூக்கல். தின்றுகொண்டே திட்டினார்கள். திட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள். வேறு வேலையும் இல்லை, போகவும் முடியாது. அதை விட நல்ல கருத்துக் கேட்பு எங்கே நடக்கும்?

மாதத்தில் பல நாள் படகு இப்படித்தான் கிடக்கும் என்றார்கள். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போவதைச் சொன்னார்கள். ஓடை வாயருகே சின்ன டிங்கிப் படகுகளைக் கட்டுகிற இடத்தில் எப்போதும் ஆழம் உண்டு, ஜெட்டியை அங்கே கட்டிவிட்டு பஸ்ஸை அங்கே வரச் சொல்லுங்கள் என்றார் பாக்கியம் அக்கா. பெங்காலிப் பெண்கள் ஆமோதித்தார்கள். ராஞ்சிக்காரர் ஒருவர் இரண்டாவது தடவை கிச்சடி வாங்கிக்கொண்டு ஆமோதித்தார். மேடம் அதுவரை காலை நேரத்தில் மட்டும் வந்து, நிறைந்த ஓடையை மட்டுமே பார்த்திருந்தவர். வரைபடத்தையும் சேற்றில் கிடந்த படகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கயா கட்ட இருந்தோம்?" என்றார் மெதுவாக.

தண்ணீர் ஏறிப் படகு மிதந்ததும் எல்லாரும் போய்ச் சேர்ந்தார்கள். மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்லாத்தான் கூட்டம் சேர்த்தீங்க. இந்தத் திட்டமே உங்களாலதான் தப்பிச்சிருக்கு. ஆனா என் பேரைச் சொல்லிப் படகை நிறுத்தின ஆளை நான் வச்சுக்க முடியாது. நாளைக்கு வராதீங்க."

நியாயம்தான். சாமியானாவைப் பிரித்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டு, அங்கேயே பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

காலையில் ஹரி தாதா காலால் தட்டி எழுப்பினார். கையில் நீளமான மூங்கில் கம்பு. படகின் முன்னால் நின்று ஆழம் பார்த்துச் சொல்கிற ஆள் ஒருவன் அவருக்கு வேண்டியிருந்தது. தண்ணீர் இறங்குவதை நம்பாமல் சூடுபட்டவனை வைத்துக்கொண்டால் அவன் தினமும் பயந்து பயந்து பார்ப்பான் என்பது அவர் கணக்கு. கம்பை வாங்கிக்கொண்டு ஏறினேன். பயணிகள் என்னைப் பார்த்ததும் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இன்ஜின் ஓட ஆரம்பித்த நேரத்தில் ஜீப் வந்து நின்றது. மேடம் வரைபடச் சுருளோடு கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஓடை வாயைப் பார்க்கக் கிளம்பியிருக்க வேண்டும்.

"ஒரு ரெண்டு நிமிஷம்!"

ஹரி தாதா என்னைப் பார்த்தார். படகு முழுக்க என்னைப் பார்த்தது. நான் மூங்கிலை ஓடைக்குள் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.