கமராவைப் பார்த்து வாயசைக்கும் பன்னிரண்டு நிமிடம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஒரு நாளைக்கு ஆறு தடவை எங்கள் தூள் மில்லை மறித்து வைத்திருப்பது நீங்கள்தான். அருமைநாயகி அக்கா அல்ல.

இதை முதலில் எழுதிவிட்டேன், இனி முறைப்படி. நீங்களும் சித்தியும் தம்பி கோபிசங்கரும் ஸ்காபரோவில் நல்ல சுகத்தோடு இருக்க நகுலேஸ்வரப் பெருமானை வேண்டுகிறேன். இங்கு அப்பா சுகம். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கல்லாவில் இருந்தபடியே சுகம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதலாவதற்கு வாட்ஸ்அப்பில் பெருவிரலைக் காட்டினீர்கள். இரண்டாவதற்கு ஒரு ரோசாப்பூப் படமும் காலை வணக்கமும் வந்தன. இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

தம்பி கோபிசங்கர் அங்கே பல்கலைக்கழகத்தில் உற்பத்தி முறைகளை வடிவமைத்து அளப்பது பற்றிப் படிக்கிறான், நல்லது. அதற்கு ஒப்படை செய்ய எங்கள் மில்லைத் தெரிந்தெடுத்து, இரண்டு கிழமை கட்டிலில் படுத்திருந்து, மில்லில் பூட்டிய கமரா வழியே பார்த்து ஓர் அட்டவணை செய்திருக்கிறான், அதுவும் நல்லது. அதில் எவருக்கும் பெயர் இல்லை. செத்தல் மிளகாய்க்குக் காம்பு முறிக்கும் சுபாஜினி ஊழியர் 1, ஒரு தாச்சிச் சட்டி நிறைந்த மிளகாய்க்கு இருபது நிமிடம். வறுக்கும் அருமைநாயகி அக்கா ஊழியர் 2, முப்பத்தெட்டு நிமிடம். அரைக்கும் றோஸ் அக்கா ஊழியர் 3, இருபத்திரண்டு நிமிடம். ஆகவே தடங்கல் ஊழியர் 2 என்று சிவப்பு நிறம் பூசி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறான்: "இதில் பன்னிரண்டு நிமிடம் இவர் வேலை செய்வதில்லை. கைகூப்பி நின்று கமராவைப் பார்த்து ஏதோ கேட்கிறார். சம்பள உயர்வாக இருக்கலாம்." அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, முதலாம் திகதியோடு அவவை வேலையிலிருந்து நிற்பாட்டச் சொல்லி அப்பாவுக்கு எழுதியிருக்கிறீர்கள். வறுக்கும் இயந்திரம் கப்பலில் வருகிறதாம்.

சித்தப்பா, அவ கமராவைப் பார்க்கவில்லை. உங்கள் தகப்பனாரைப் பார்க்கிறா. கமரா பூட்ட வந்தவர் பிளக் கிட்ட இருக்கிறது என்று சொல்லி, அப்பப்பாவின் படத்துக்கு நேர் மேலே ஆணி அடித்துவிட்டுப் போனார். ஆதலால் படத்துக்கு முன்னால் கும்பிடுகிற ஆள், உங்களுக்கு உங்களைக் கும்பிடுகிற ஆளாகத் தெரிகிறா. கமராவில் சத்தம் வராது. வந்திருந்தால் தேவாரம் கேட்டிருக்கும்.

அந்தத் தேவாரத்தை வைத்தது யார்? மூன்று வருடத்துக்கு முன்னர் அப்பப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்து, கீரிமலைக் கேணியில் முழுகி எழும்பி, ஈர வேட்டியோடு நின்று எங்களுக்குக் கட்டளை போட்டது நீங்கள். ஐயா மார்க்கண்டர் பெயரில் மில் தொடங்க வேண்டும், ஒவ்வொரு தாச்சியிலும் முதல் அகப்பை ஐயாவின் படத்துக்குப் படைக்க வேண்டும், தேவாரம் பாடிக் கற்பூரம் காட்டாமல் ஒரு மிளகாயும் மில்லுக்குள் போகக்கூடாது. அன்று தொடக்கம் அவ வறுத்ததைச் சுளகுகளில் பரப்பிவிட்டு, தட்டத்தில் படைத்து, பதினொரு பாட்டுள்ள பதிகம் முழுவதையும் பாடுகிறா. றோஸ் அக்கா வேதக்காரி, அவவும் மில்லை நிற்பாட்டிவிட்டுக் காத்து நிற்கிறா. மூன்று வருடத்தில் அவவுக்கும் பதிகம் பாடமாகிவிட்டது. போன ஞாயிறு சேர்ச்சில் வாய் தவறி அதன் முதல் அடியைத் தொடங்கிவிட்டதாகச் சொன்னா.

கோபிசங்கர் இதற்குக் கண்டுபிடித்த வைத்தியத்தையும் கேளுங்கள். தாச்சி பெரிது, ஆதலால் காத்திருக்கிறார்கள், பாதிப் பாதியாக வறுத்தால் சரக்கு ஓடிக்கொண்டே இருக்கும் என்று எழுதினான். கம்பஸில் நானும் இதே பாடத்தைத்தான் படித்தேன், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. செய்தோம். ஆறு தாச்சி பன்னிரண்டு தாச்சியானது. தாச்சிக்கு ஒரு பதிகம் என்பது உங்கள் கட்டளை, ஆதலால் ஆறு பதிகம் பன்னிரண்டு பதிகமானது. மூன்றாம் நாள் அருமைநாயகி அக்காவின் தொண்டை அடைத்தது. நாலாம் நாள் அட்டவணையில், ஊழியர் 2 வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார் என்று வந்தது. திரும்ப ஆறு தாச்சியாக்கினோம். பிறகு, நடக்கிற தூரத்தைக் குறைக்க அடுப்பை அவ போய் நிற்கிற இடத்துக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னான். மிளகாய்ப் புகை ஏறிக் கமராவின் கண் கறுத்து இரண்டு நாள் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மில் எரிகிறது என்று நீங்கள் அப்பாவுக்கு எட்டுத் தரம் அழைத்தீர்கள். அப்பா எடுக்கவில்லை, நித்திரை. அந்த நித்திரைக்கு அட்டவணையில் ஒரு நிரல் இருக்கிறதா? சுபாஜினி கக்கூசுக்குப் போய்வந்த நேரத்துக்கு இருக்கிறது. நான் பார்த்தேன். ஏழு நிமிடமாம், அதற்கும் சிவப்பு. அளக்கத் தொடங்கினால் நிற்கிறவர்களைத்தான் அளக்கிறீர்கள் சித்தப்பா, கதிரையில் இருக்கிறவர்களை ஒருவரும் அளப்பதில்லை.

இந்த அட்டவணையை நான் அருமைநாயகி அக்காவுக்குக் காட்டினேன். அவவின் மகள் அனுஜா இந்த வருடம் ஏ.எல். பரீட்சை எடுக்கிறாள், வீட்டில் உழைக்கிறது அவ ஓராள்தான். கன நேரம் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "எனக்கு இரண்டாம் நம்பர் எண்டால் ஒண்டாம் நம்பர் ஆர் பிள்ளை, உன்ரை கொப்பாவோ?" என்று கேட்டா. கேட்டுவிட்டு அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

ஆகவே கணக்கு மிகச் சுலபம். முப்பத்தெட்டிலிருந்து உங்கள் பன்னிரண்டைக் கழித்தால் இருபத்தாறு. இயந்திரமும் வேண்டாம், ஆளை நிற்பாட்டவும் வேண்டாம், படத்தைக் கழற்றினால் போதும். உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு ரோசாப்பூ வரும். நாளைக் காலையில் நானே கழற்றுகிறேன். கழற்றி அப்பாவின் கதிரைக்கு மேலே கொழுவுவேன், பகல் முழுக்கக் கும்பிட அவருக்கு நேரம் இருக்கிறது. அட்டவணையைத் திருத்தி, அவவின் பெயரை எழுதி, சிவப்பை அழித்து அனுப்பும்படி தம்பிக்குச் சொல்லுங்கள்.

சித்திக்கு என் அன்பு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகச் சொல்லுங்கள். எல்லாரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று, கோபத்தோடு என்றாலும் மனதார வேண்டும்,

உங்கள் பெறாமகள்
நிவேதனா

பி.கு.: கடிதத்தை அனுப்பாமல் ஒரு நாள் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. இன்று காலை படத்தைக் கழற்றினேன். பதிகம் இல்லை, முதல் தாச்சி இருபத்தாறாம் நிமிடம் றோஸ் அக்காவின் கைக்குப் போனது. நான் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தேன். சூட்டோடு அரைபட்ட மிளகாய் எண்ணெய் கக்கி, கட்டிபட்டு, மில்லின் பல்லெல்லாம் அப்பி, பத்தாம் நிமிடம் மில் முக்கிக்கொண்டு நின்றது. சுரண்டிக் கழுவ மூன்று மணித்தியாலம். றோஸ் அக்கா தும்மிக்கொண்டே, "படத்தைக் கொண்டந்து கொழுவு பிள்ளை, நானே பாடுறன்" என்றா.

அருமைநாயகி அக்காவைக் கேட்டேன். அவ அடுப்பைப் பார்த்தபடி சொன்னது இது: "உன்ரை சித்தப்பா சொன்னது ஒரு பாட்டுத்தான். சரக்கு ஆறப் பதினொரு பாட்டு வேணும், அதாலை பாடினனான். சும்மா ஆறவிட்டால் ஏன் சும்மா கிடக்குது எண்டு கேப்பியள். ஐயாவுக்குப் பாடுறன் எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டியள். நானும் அந்த நேரம் நெருப்பை விட்டுத் தள்ளி நிப்பன்."

ஆகவே முதல் வரியிலுள்ள குற்றச்சாட்டை வாபஸ் வாங்குகிறேன். நீங்கள் எதையும் மறிக்கவில்லை, அந்தளவுக்கு உங்களுக்கு இந்த மில் தெரியாது. தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இங்கே உற்பத்தி முறையை வடிவமைத்த ஆள் ஒருவர்தான், அவவைத்தான் முதலாம் திகதி அனுப்புகிறீர்கள். படம் திரும்பவும் கமராவுக்குக் கீழே பழைய இடத்தில் இருக்கிறது. நாளைக் காலை ஆறரைக்கு அதன் முன்னால் நான் நிற்பேன், கமராவைப் பாருங்கள். இம்முறை உண்மையாகவே உங்களைப் பார்த்துத்தான் கேட்பேன், சத்தம் வராது என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்: அருமைநாயகி அக்கா நிற்கிறாவா, போகிறாவா? சொல்லுங்கள் சித்தப்பா.